பெற்றோர் ஐரோப்பாவுக்கு வந்தால்: நம் வீட்டிலேயே தங்க வைப்பதா, டூர் பஸ்ஸில் அனுப்புவதா, பக்கத்தில் வீடு எடுப்பதா?

சிங்கப்பூரில், தோ பாயோவில் எங்கள் புளோக்கிலேயே ஐந்தாம் மாடியில் இருக்கும் அக்காவின் மகன் போன வருடம் வேலை கிடைத்து ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போனான். வரும் ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு அவனைப் பார்க்கப் போகலாம் என்று வீட்டில் பேச்சு. போன வாரம் காப்பிக் கடையில் என்னைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டார்: "நீ நாலு வருஷம் அங்க இருந்தவ, சொல்லு. அவன் வீட்லயே ஒரு மாசம் தங்கிடவா? இல்ல டூர்காரங்களோட சுத்திட்டு, கடைசி மூணு நாள் மட்டும் அவனைப் பார்த்துட்டு வரவா?"

காப்பி ஆறிப் போகும்வரை பேசினோம். அப்படியும் முடியவில்லை. ஏனென்றால் நான் மியூனிக்கில் இருந்த அந்த நான்கு வருடத்தில் எங்கள் குடும்பம் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் மூன்று விதமாக வந்தது. ஒவ்வொன்றிலும் எது நன்றாக இருந்தது, எங்கே கஷ்டப்பட்டோம் என்பது எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. அக்காவுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளை ஐரோப்பாவில் வைத்திருக்கும் பலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் எழுதுகிறேன். அங்கே இருக்கும் பிள்ளைகளும் படித்தால் நல்லது. பாதி முடிவு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

பாஸ்போர்ட்டில் இருந்து ஆரம்பிக்கலாம். சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் ஒரே வீட்டில் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் இருப்பது சகஜம். அக்கா வீட்டிலும் அப்படித்தான். கணவருக்கும் மகளுக்கும் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட். அக்கா நிரந்தரவாசி, கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விசா வேண்டாம். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள்வரை இருக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். ஜூனில் கிளம்புகிறவர்கள் பொங்கல் முடிந்ததுமே வேலையை ஆரம்பித்துவிடுவது நல்லது. எல்லாரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் நேர்முகத்துக்கு இடம் கிடைப்பதே சிரமம்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எப்படிப் போகிறோம் என்பதைப் பொறுத்து விசா வேலையே மாறிவிடும். அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். மகன் வீட்டில் தங்கினால் ஜெர்மனி. தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் தன் பொறுப்பு என்று மகன் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி உறுதிமொழிக் கடிதம் வாங்கி அனுப்பலாம். அது கையில் இருந்தால் விண்ணப்பம் வலுவாக இருக்கும். டூர் என்றால் எந்த நாட்டில் இரவுகள் அதிகமோ அந்த நாடு. ஹோட்டல் பட்டியலை அவர்களே கொடுத்துவிடுவார்கள். முதலில் டூருக்கு விண்ணப்பித்துவிட்டு, அப்புறம் மனம் மாறி மகன் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தால் தேவையில்லாத சிக்கல். அதனால் முதலில் முடிவு, பிறகு விசா.

சரி, மூன்று முறை வந்ததைச் சொல்கிறேன்.

வீட்டிலேயே ஒரு மாதம்

2016இல் அம்மாவும் அப்பாவும் சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து வந்து மியூனிக்கில் எங்களோடு முப்பது நாள் இருந்தார்கள். எங்களுக்குக் குழந்தை பிறந்து ஏழு மாதம். அவர்கள் ஐரோப்பாவைப் பார்க்க வரவில்லை, பேத்தியைப் பார்க்க வந்தார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த மாதம் வேறு எந்த விதத்திலும் அமைந்திருக்க முடியாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பாட்டி வந்தால் அவரை எங்கே தங்க வைப்பது என்ற கேள்விக்கே இடமில்லை.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. நாங்கள் இருந்தது இரண்டு அறை வீடு, நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. மியூனிக்கில் பழைய கட்டடங்கள் பலவற்றில் அப்படித்தான். புளோக்கின் வாசலிலேயே லிஃப்ட் ஏறிப் பழகிய அம்மா, முதல் நாள் இரண்டாம் மாடியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் கீழே இறங்கவில்லை.

குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. கண்ணாடித் தடுப்புக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும். வெளியே ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாலும் கீழ்வீட்டுக் கூரை நனையும். கழிவறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது, வெறும் காகிதம்தான். சிங்கப்பூர்த் தேக்காச் சந்தையில் வாங்கிய நீலப் பிளாஸ்டிக் குவளை ஒன்றை அம்மா சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் மிகவும் பயன்பட்ட சாமான் அதுதான். அதைப் போகும்போது என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

தாளிப்பு இன்னொரு விஷயம். அங்கே வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கூரையில் இருக்கும். அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி பல வீடுகளில் காற்றை வெளியே தள்ளாது, வடிகட்டி மறுபடியும் உள்ளேயே விடும். அம்மா வற்றல் குழம்புக்குக் கடுகும் மிளகாயும் போட்ட மறுநொடி கருவி அலறியது. குழந்தை எழுந்து அழுதது. அப்பா நாற்காலி மேல் ஏறி, பத்திரிகையை விசிறினார். அன்றிலிருந்து அம்மா சமைக்கும்போது எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தோம். வெளியே குளிர் நாள் என்றால் சமையல் முடியும்வரை குழந்தையைப் போர்வையில் சுற்றி உள்ளறையில் வைத்திருப்பேன்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது வேறு. வார நாட்களில் என் கணவர் வேலைக்குப் போய்விடுவார். நான் பாதி நாள் வேலைக்குத் திரும்பியிருந்தேன். குழந்தை தூங்கும் நேரத்தில் அம்மாவும் அப்பாவும் ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச ஆள் இல்லை, மொழி தெரியாது, கீழே இறங்கினால் நான்கு மாடி ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும்; வார நாளிலும் இரவு எட்டு மணிக்கு மேல் திறந்திருக்காது. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தோ பாயோ லைப்ரரி மாதிரி இங்க ஏதாவது இருக்கா?" அவர் ஊர் சுற்ற ஆசைப்படவில்லை. ஒரு மணி நேரமாவது தனியாக எங்கேயாவது போய் உட்கார்ந்துவிட்டு வர ஆசைப்பட்டார். அதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

அதன்பிறகு அவருக்கு ரயில் பயணத்தைக் கற்றுக்கொடுத்தேன். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் போல நுழைவாயிலில் கதவு கிடையாது. மெஷினில் வாங்கும் டிக்கெட்டை நீலப் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் ஒன்றுதான், அபராதம் 60 யூரோ. பெரியவர்களைத் தனியாக அனுப்பும் முன் இதை ஒருமுறை கூடவே போய்ச் செய்து காட்டிவிடுங்கள். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் மரியன்பிளாட்ஸ் சதுக்கத்துக்குப் போய், பதினொரு மணிக்கு நகரமன்றக் கோபுரத்தில் பொம்மைகள் சுற்றி ஆடுவதைப் பார்ப்பார். 1568இல் நடந்த, மியூனிக் சார்ந்த பவேரியாவின் இளவரசன் ஒருவனின் திருமணமும், அதில் நடந்த குதிரைச் சண்டையும், கீழே பீப்பாய் செய்கிறவர்களின் நடனமும்தான் காட்சி. மொத்தம் 32 உருவங்கள். "நம்ம பக்கத்து ஆளுதான் எப்பவும் ஜெயிக்கிறான்" என்று பவேரிய வீரனைச் சொல்லிவிட்டு வந்து அம்மாவிடம் விவரிப்பார். அந்த மாதத்தில் அவர் பார்த்த ஐரோப்பாவில் பெரும்பங்கு அதுதான், அவருக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டிலேயே தங்குவதில் பெரிய லாபம் பணம் அல்ல. பெற்றோர் நம் வாழ்க்கையைப் பார்க்கிறார்கள். நாம் எந்த நேரத்துக்கு எழுந்து எந்த ரயிலைப் பிடிக்கிறோம், பனியில் குப்பையை எப்படிப் பிரித்துப் போடுகிறோம், பக்கத்து வீட்டுப் பாட்டி நம்மை எப்படி அழைக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு போனில் பேசும்போது அம்மாவின் கேள்விகளே மாறிவிட்டன. "சாப்பிட்டியா" என்பதோடு நிற்காமல், "இன்னைக்கு அந்தப் படிக்கட்டு விளக்கு சரி பண்ணிட்டாங்களா" என்று கேட்க ஆரம்பித்தார்.

டூர் பஸ்

மறு வருடம் என் அண்ணன், அண்ணி, தொடக்கநிலை படிக்கும் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். பன்னிரண்டு நாள், ஏழு நாடு. பாரிஸில் ஆரம்பித்து பிரசல்ஸ், ஆம்ஸ்டர்டாம், ரைன் நதிக்கரை, சுவிட்சர்லாந்து, இன்ஸ்ப்ரூக், வெனிஸ், ரோம். முடித்துவிட்டு எங்களிடம் மூன்று நாள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், டூரில் பலன் இருக்கிறது. பெட்டியைத் தூக்க வேண்டாம், வழி தேட வேண்டாம், ராத்திரி சோறும் பருப்பும் கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்களுக்கு அது சின்ன விஷயமே இல்லை. பேருந்து நேராகக் கோபுரத்தடியில் கொண்டுபோய் இறக்கும். ஐரோப்பியச் சட்டப்படி நான்கரை மணி நேரம் ஓட்டிய டிரைவர் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும் என்பதால் வழியில் நிறுத்தம் நிச்சயம் உண்டு. ஜெர்மனியில் நெடுஞ்சாலை ஓரக் கழிவறைக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் சில்லறை கையில் இருக்கட்டும். ரோமும் பாரிஸும் வாழ்நாளில் ஒரு தடவைதான் என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிடக் குறைந்த செலவில் அத்தனை இடத்தையும் தனியாகப் பார்ப்பது கஷ்டம்.

ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான்கு பேரும் சோர்ந்து போயிருந்தார்கள். தினமும் காலை ஆறரைக்கு எழுந்து, ஏழரைக்குள் பெட்டியை வெளியே வைத்து, இரண்டு நாளுக்கு ஒரு ஹோட்டல் மாறி மாறி. சின்னவன் எங்கள் வீட்டுக் கூடத்தில் தரையில் விரித்த மெத்தையில் பதினாறு மணி நேரம் தூங்கினான். அவர்கள் எங்களோடு இருந்த மூன்று நாளில் ஒன்று அப்படியே போய்விட்டது. அண்ணியும் நானும் மனம்விட்டுப் பேசியது கடைசி நாள் இரவு, துணி மடித்துக்கொண்டே பேசிய அந்த ஒரு மணி நேரம்தான். "பாரிஸ்ல என்ன பார்த்தீங்க?" என்று நான் கேட்டபோது பெரியவள் போனில் இருந்த படங்களைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷாப்பெல் என்ற பகுதி இருக்கிறது. ஈழத் தமிழர்கள் கடை வைத்து உருவாக்கிய தெருக்கள்; கறிவேப்பிலை முதல் பட்டுச்சேலைவரை கிடைக்கும். அங்கே மாணிக்க விநாயகர் ஆலயமும் உண்டு. அண்ணன் குழு அந்த வழியாகவே போகவில்லை. டூரின் திட்டத்தில் அதற்கு இடம் இல்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது.

பெற்றோரை டூரில் அனுப்ப நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுவிட்சர்லாந்து என்றால் பெரும்பாலும் ஒரு பனிமலை கட்டாயம் இருக்கும். யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1912இலிருந்து ரயில் மலையைக் குடைந்து மேலே போகிறது. ஏறுவது சுலபம், மேலே காற்று மெல்லியது. ரத்த அழுத்தமோ இதயத் தொந்தரவோ இருப்பவர்கள் கிளம்பும் முன் சிங்கப்பூரிலேயே டாக்டரைக் கேட்டுவிட வேண்டும். "நான் கீழேயே இருந்துக்கிறேன்" என்று சொன்னால் குழுவில் ஒருவர் கூட இருக்க முடியுமா என்பதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தூங்க ஒரு வீடு, சாப்பிட ஒரு வீடு

2018 ஜூனில் அம்மா, அப்பா, என் மாமியார் மூவரும் வந்தார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் ஒரே குளியலறை உள்ள வீட்டில் வைப்பது யாருக்கும் நல்லதில்லை என்று என் கணவர்தான் முதலில் சொன்னார். எங்கள் தெருவிலிருந்து ஏழு நிமிட நடையில், தரைத்தளத்தில், விடுமுறைக்கு விடும் வீடு ஒன்றைப் பதினாறு நாளுக்கு எடுத்தோம். இரண்டு படுக்கையறை, சின்ன அடுப்படி, பின்னால் ஒரு துண்டுத் தோட்டம்.

காலைக் காப்பி அவர்கள் வீட்டில். பதினொரு மணிவாக்கில் மூவரும் பொடிநடையாக எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வழியில் ரொட்டிக் கடைப் பெண்மணிக்கு அம்மா கை காட்டுவார். முதல் வாரத்திலேயே அந்தப் பெண்மணி மூன்று பேருக்கும் தனித்தனியாக எது பிடிக்கும் என்று தெரிந்து வைத்திருந்தார். மதியச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் எங்கள் வீட்டில், இரவு ஒன்பதரைக்குப் பேத்தியைத் தூங்க வைத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஜூனில் மியூனிக்கில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். வருடம் முழுக்க ஏழு மணிவாக்கில் இருட்டும் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்களுக்கு அது பெரிய அதிசயம். மாமியார் தினமும் தோட்டத்தில் உட்கார்ந்து அந்த வெளிச்சம் அடங்கும்வரை பார்ப்பார்.

செலவு கூடுதல்தான், மறைக்கவில்லை. பதினாறு நாள் வாடகை எங்களுக்குக் கனமாகவே இருந்தது. ஆனால் மூவருக்குப் பகிர்ந்து, டூர் கட்டணத்தோடு ஒப்பிட்டபோது அதைவிடக் குறைவாகவே வந்தது. யாரும் யாருக்காகவும் குளியலறை வாசலில் காத்திருக்கவில்லை. அப்பாவுக்குத் தனியாக இருக்க இடம் கிடைத்தது. எனக்கும் என் கணவருக்கும் சண்டை போட ஒரு கதவு மூடிய அறை இருந்தது. அது எவ்வளவு முக்கியம் என்பது முந்தைய முறைதான் தெரிந்தது.

ஊர் சுற்றுவதற்கும் இந்த முறைதான் தோதாக அமைந்தது. பவேரியாவில் உள்ளூர் ரயில்களுக்கு ஒரு நாள் டிக்கெட் உண்டு, ஐந்து பேர்வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். வார நாட்களில் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் செல்லும், ஆனால் பெரியவர்களை வைத்துக்கொண்டு ஒன்பதுக்கு முன் யார் கிளம்பப் போகிறார்கள்? அதே டிக்கெட்டில் எல்லை தாண்டி சால்ஸ்பர்க்வரை போகலாம். மோட்சார்ட் பிறந்த வீடு, மிராபெல் தோட்டம் எல்லாம் நடந்தே பார்க்கும் தூரம். திரும்பும்போது ஜெர்மன் போலீஸ் ரயிலில் பாஸ்போர்ட் கேட்பார்கள், வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

எல்லாரும் கேட்கும் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கும் போனோம். 1869இல் இரண்டாம் லுட்விக் மன்னர் கட்ட ஆரம்பித்தது. அவர் 1886இல் இறந்தபோதும் முடியவில்லை. படத்தில் பார்ப்பதைவிட நேரில் அழகு. ஆனால் மியூனிக்கிலிருந்து இரண்டு மணி நேர ரயில், பிறகு பஸ், பிறகு முப்பது நாற்பது நிமிட ஏற்றம். குதிரை வண்டியும் உண்டு, ஆனால் வாசல்வரை போகாது. உள்ளேயும் படிகள், ஏறுவதும் இறங்குவதுமாக 300க்கு மேல். டிக்கெட்டில் குறித்த நேரத்துக்குப் போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். மாமியார் பாதி ஏற்றத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரோடு உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் கீம்சே ஏரிக்குப் போனோம். ரயிலில் ஒரு மணி நேரம், பிரீன் ஊரில் இறங்கி, 1887இலிருந்து ஓடும் குட்டி ரயிலில் படகுத்துறை, அங்கிருந்து படகு. ஃபிராவன்இன்ஸல் என்ற சின்னத் தீவு; கார் கிடையாது, ஏற்றம் கிடையாது, ஒரு பழைய கன்னியர் மடம், மீன் புகைபோடும் கடைகள், வீட்டு முற்றங்களில் ரோஜா. தீவைச் சுற்றி வர அரைமணி போதும். மூன்று பெரியவர்களும் ஏரியைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டார்கள். பதினாறு நாளில் அவர்கள் திரும்பத் திரும்பப் பேசுவது அந்த மத்தியானத்தைத்தான். எந்தக் கோட்டைக்கும் முன்பாக நான் இப்போது அந்தத் தீவைத்தான் சொல்வேன்.

நடுவில் ஒரு ஊரில் சந்திப்பது

நான்காவதாக ஒரு வழியும் இருக்கிறது. பிள்ளை வீட்டுக்கும் போகாமல், டூரும் எடுக்காமல், எல்லாரும் ஒரு மூன்றாம் ஊரில் சேர்ந்து வீடு எடுப்பது. பிள்ளை இருக்கும் வீடு ஒற்றை அறை என்றாலோ, கூட்டுக் குடியிருப்பு என்றாலோ இது நல்ல வழி. நாங்கள் முயன்றதில்லை. பிள்ளை ஒரு வாரம் விடுப்பு எடுத்தாக வேண்டும். அவன் தினம் நடக்கும் தெருவைப் பெற்றோர் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது.

கோயில் பார்க்க ஆசைப்படும் பெரியவர்கள் இருந்தால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத் தமிழர்கள் முயற்சியில் எழுந்து 2002இல் குடமுழுக்கு கண்டது. கோபுரத்தோடு முழுக் கோயில். மே, ஜூன் வாக்கில் தேர்த் திருவிழா. ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். மியூனிக்கிலிருந்து தூரம்தான். ஆனால் ஒரு இரவு தங்கிப் போய்வந்தால் என் மாமியார் மாதிரி ஆட்களுக்கு அதுவே பயணத்தின் பயன்.

ஜூனா, டிசம்பரா?

பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால் இந்த இரண்டில் ஒன்றுதான். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைகள் அழகு. ஆனால் மியூனிக்கில் மாலை நாலரைக்குள் இருட்டிவிடும், பெரியவர்களுக்கு வழுக்கும் தரை ஆபத்து. என் ஓட்டு ஜூனுக்கு. ஒன்று மட்டும்: அங்கே வீடுகளில் ஏர்கான் இருக்காது, வெயில் முப்பது டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு. மேல்மாடி வீடு அப்போது அடுப்பு மாதிரி இருக்கும். அதற்கும் தரைத்தள வீடே நல்லது. செப்டம்பர் கடைசியில் பெரிய பீர் திருவிழா நடக்கும் நாட்களில் வாடகை பல மடங்கு ஏறும், அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பெட்டியில் என்ன போடுவது என்பதில் பலரும் தவறு செய்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, பால் இனிப்புகள் எல்லாம் அதில் அடங்கும். பச்சைக் காய், பழம், இலைகளுக்குத் தாவரச் சான்றிதழ் வேண்டும், கறிவேப்பிலைக் கொத்தையும் மாம்பழத்தையும் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வர வேண்டியதுதான். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியான் ஐந்துக்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. துரியானை விமானத்தில் ஏற்றுவது தனிப் பாடு. பொடிகள், அப்பளம், வடகம், காய்ந்த மிளகாய் தாராளமாகக் கொண்டுபோகலாம்.

மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், ஆங்கிலத்தில் டாக்டர் கடிதத்தோடு. முதல் முறை அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை பெரிய பெட்டியில் போனது, அந்தப் பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்தது. அங்கே மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டார்கள். அந்த இரண்டு நாள் நான் பட்ட பயத்தை வேறு யாரும் பட வேண்டாம். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்காரர்களுக்குக் காப்பீடு கட்டாயமில்லை என்றாலும் எடுத்துவிடுங்கள்.

அக்காவுக்கு நான் சொன்னது இதுதான். வீட்டில் கைக்குழந்தை இல்லை, மகன் தனி ஆள், இவர்கள் மூன்று பேர். உங்களுக்கோ முழங்கால் வலி. அதனால் பக்கத்தில் இரண்டு வாரத்துக்கு வீடு எடுங்கள். வார நாளில் அவன் வேலைக்குப் போகட்டும், மாலையில் சேர்ந்து சமையுங்கள். வாரக் கடைசியில் கீம்சே, சால்ஸ்பர்க். மகளுக்கு ஈசார் ஆற்றுத் தீவில் இருக்கும் ஜெர்மன் அருங்காட்சியகம் ஒரு நாள் முழுவதும் போதாது. பாரிஸ் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நேரடி ரயிலில் ஆறு மணி நேரம். இரண்டு இரவு தங்கி, ஈஃபில் கோபுரத்தையும் லா ஷாப்பெல்லில் தோசையையும் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். ஏழு நாடு வேறொரு வருடத்துக்கு இருக்கட்டும்.

அக்கா முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "சொந்தப் பிள்ளை வீடு இருக்கும்போது காசு கொடுத்து வெளிய தங்கறதா" என்று அவர் கணவருக்கும் மனசு கேட்கவில்லை. அந்த உணர்வு எனக்குப் புரிகிறது, எங்கள் அப்பாவும் அதையேதான் சொன்னார். நேற்று இரவு அவர்கள் வீட்டில் மகனை வீடியோ அழைப்பில் பிடித்தார்கள். நானும் இருந்தேன்.

"உன் வீட்ல லிஃப்ட் இருக்காடா?"

"இல்லம்மா. மூணாவது மாடிதானே."

"படி எத்தனை?"

அவன் சிரித்தான். அப்புறம் போனைக் கையில் வைத்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினான், ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஏறி வந்தான். படிக்கட்டு விளக்கு நடுவில் ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தது. மேலே வந்து மூச்சு வாங்க, "அம்பத்தி எட்டு" என்றான்.

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டே கணவரைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரி, தரைத்தளத்துல ஒரு வீடு பாரு" என்றார் அக்கா. "ரெண்டு தெரு தள்ளி இருந்தாலும் பரவாயில்ல."